புகழேந்தி வீட்டுப் பால்

புகழேந்தி செருப்பைக் கழற்றாமல்தான் உள்ளே போனார். "இது என்ன கோயிலா, கழட்டிட்டுப் போறதுக்கு?" என்று பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

செங்கம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், சிந்துஜா என்ற பெண் லைசென்ஸ் வாங்கிச் சின்னதாக ஒரு பீர் கம்பெனி வைத்திருந்தாள். காய்ச்சுவதும் அங்கேயே, குடிப்பதும் அங்கேயே. அதை மூட வைக்காமல் தனக்குச் சோறு இறங்காது என்று கிளம்பியிருந்தார் புகழேந்தி. 'அசல் ஜெர்மன் பீர்' என்று போர்டில் இருந்த புளுகை உடைக்க, ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த அக்கா மகன் ஆதவனையும் இழுத்து வந்திருந்தார்.

புகழேந்தி லேசுப்பட்ட ஆள் இல்லை. அண்ணாமலையார் அபிஷேகத்துக்குப் பால் கொடுக்கிறவர். கொஞ்ச காலமாக அவர் வீட்டுப் பசுக்கள் கறக்கிற பாலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பாயும் என்று ஊரில் பேச்சு. காரணம் கேட்டால், "பௌர்ணமி தவறாம மலையைச் சுத்துறேன் இல்ல?" என்பார். தீனி வைப்பது, சாணி அள்ளுவது, கறப்பது எல்லாம் மனைவி தனம். சுற்றுவது மட்டும் இவர்.

உள்ளே வெந்த தானிய வாடை அடித்தது. எங்கேயோ பழகின வாடை. அதனாலேயே அவருக்கு ஆத்திரம் ஜாஸ்தியானது.

"ஏம்மா, குடும்பத்துப் பொண்ணு பண்ற வேலையா இது?"

சிந்துஜா ஒரு கிளாஸை நீட்டினாள். புகழேந்தி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆதவன் வாங்கிக்கொண்டான், மாமா கொடுத்த வேலையாயிற்றே. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு மிடறு குடித்தான். இன்னொரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமா, இது அசல் ஜெர்மன் லாகர் பீர்தான். கடைசியில நாக்குல மெல்லிசா ஒரு கசப்பு நிக்குது, அப்படியே மியூனிக். மூணு வருஷம் இதைத்தான் குடிச்சேன்."

"மூணு வருஷம் படிச்சேன்னு இல்ல சொன்ன?"

ஆதவன் முகத்தை நுரைக்குள் புதைத்துக்கொண்டான்.

பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் தவிர வேறு எதுவும் கலப்பதில்லை என்றாள் சிந்துஜா. வாரக்கணக்கில் குளிரில் வைத்திருந்தால்தான் இந்தத் தெளிவு வருமாம்.

"சாமிக்குப் பாலாபிஷேகம் நடக்குற ஊர்ல பீர் காய்ச்சுறதுக்கு விளக்கம் வேற. வர்ற பௌர்ணமிக்குள்ள மூடணும். இல்லன்னா கேட்டை மறிச்சு உட்காருவோம்."

கூட்டம் தலையாட்டியது. கண் மட்டும் ஆதவனின் கிளாஸில் இருந்தது.

சிந்துஜா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க, மூடிடறேன். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இனிமே சக்கை வராதுன்னு தனம் அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"என்ன சக்கை?"

"வேகவெச்சு வடிச்ச பார்லி சக்கைங்க. ஞாயித்துக்கிழமை லீவு, மத்த நாள் எல்லாம் உங்க வீட்டு மாட்டுக்குத்தான் அனுப்புறேன். அதைத் தின்னுதான் இவ்வளவு பால் கறக்குதுன்னு அக்கா சொல்வாங்க. சாமிக்குப் போற பாலாச்சேன்னு நான் காசு எதுவும் வாங்கறதில்ல."

கூட்டத்தில் ஒருத்தர் இருமினார். ஆதவனுக்குப் புரையேறியது.

புகழேந்தி மூக்கிலிருந்து துண்டை எடுத்தார். அந்த வாடையை நன்றாக இழுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவர் வீட்டு மாட்டுக்கொட்டகை.

வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமையும் காய்ச்சினா என்ன?"