கொக்கிக் கதவு

"'டிக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சா அக்கா? அதான் இதோட வியாதி. மோட்டார் கிளம்பப் பார்க்குது, முடியாம அணைஞ்சு போயிடுது."

ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கம் தரையில் படுத்தபடி தம்பி சொன்னான். லிஃப்ட் மெக்கானிக். லீவு நாளில்கூட ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கத் தெரியாதவன். பெற்றோர் வீட்டைக் காலி செய்தபோது, பின்பக்கம் கிடந்த அந்தக் கிழட்டு ஃப்ரிட்ஜை வண்டி பிடித்து ஏற்றி வந்துவிட்டான். துருவைச் சுரண்டி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, கதவின் கனத்த இரும்புக் கொக்கியைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"காலையிலேருந்து எத்தனை தடவை எழுந்துட்டீங்க அண்ணி? நாற்காலியில முள்ளா இருக்கு?" என்று சிரித்தாள் தம்பியின் மனைவி. "இவரு ரெண்டு வாரமா இதுகூடத்தான் குடித்தனம் நடத்துறாரு."

தம்பியின் ஐந்து வயது மகள் ஃப்ரிட்ஜைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். அக்கா எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"கிட்டப் போகாத கண்ணு."

"தட்டெல்லாம் கழட்டி வெச்சிருக்கு, அதான் அண்ணிக்குப் பயம்" என்ற தம்பி மனைவி மகளிடம் குனிந்தாள். "அப்பா உன்னை மாதிரி இருந்தப்போ, ரிப்பேராகிக் காலியாக் கிடந்த இதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டாரு. அத்தைதான் ஓடி வந்து திறந்தாங்க. இல்லைன்னா அப்பாவும் இல்ல, நீயும் இல்ல."

முப்பத்தைந்து வருடமாகச் சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கதைதான். அது ஆரம்பித்தாலே அக்காவுக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். இப்போதும் போனாள்.

திரும்பி வந்தபோது மோட்டார் சீராக உறுமிக்கொண்டிருந்தது.

"மோட்டாரைக் கிளப்பி விடுற ரிலே போயிருந்துச்சு. கட்டைவிரல் அளவு சாமான், என்ன பாடு படுத்திடுச்சு பாரு." தம்பி எழுந்து கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்துக் கொக்கியை மாட்டினான். "இழு பார்க்கலாம். சுலபமா வந்துட்டா ரப்பர் போச்சுன்னு அர்த்தம்."

அக்கா இழுத்தாள். காகிதம் பாதியில் கிழிந்தது.

"பார்த்தியா? காத்துகூட நுழையாது."

அக்கா கையிலிருந்த பாதிக் காகிதத்தைக் கீழே போட்டாள்.

"கொக்கியைக் கழட்டிடுடா. உள்ளேருந்து தள்ளினாலே திறக்கிற காந்த ரப்பர் போட்டுக்கோ."

"கழட்டத்தான் போறேன். குளிர் நிக்குதான்னு பார்த்துட்டு நாளைக்கு..."

"இப்பவே கழட்டு."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, தம்பியின் மனைவி மகளைக் குளிக்க அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். தம்பி ஸ்விட்சை அணைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் கொக்கியின் முதல் திருகைத் தளர்த்த ஆரம்பித்தான்.

அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டே."

"சொல்லு."

"அன்னைக்கு இதை மூடினதே நான்தான்டா. ஸ்கூலுக்குப் படம் வரைஞ்சுட்டு இருந்தேன். நீ அதுல கிறுக்கிட்டே. கொஞ்ச நேரம் தொல்லை இல்லாம இருக்கட்டும்னு உன்னை உள்ள உட்கார வெச்சுக் கொக்கியை மாட்டினேன். அப்புறம் வரையிற ஜோர்ல மறந்தே போயிட்டேன். ஞாபகம் வந்து ஓடிவந்து திறந்தா, உன் உதடெல்லாம் நீலமா... அம்மா எப்படியோ கொக்கி தானா விழுந்துடுச்சுன்னு நம்பிட்டாங்க. காப்பாத்தினவள்னு என்னைத் தூக்கிக் கொண்டாடினாங்க. பத்து வயசு எனக்கு. பயத்துல வாயைத் திறக்கல. அப்புறம் திறக்கவே முடியல."

தம்பி கடைசித் திருகையும் கழற்றினான். கொக்கி அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவன் குரலில் கோபம் துளியும் இல்லை.

"மூடும்போது கடைசியா நான் பார்த்தது உன் முகத்தைத்தானே அக்கா. தெரியாமலா, கொக்கி தானா விழுந்துடுச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன்?"