கடைசி ஆட்டக்காரர்

சாயங்காலம் ஆறு மணிக்கு உலகம் அழியப்போகிறது. அதற்குள் ஓர் ஆளையாவது அழவைத்துவிட வேண்டும் என்று நிருபர் தவித்துக்கொண்டிருந்தான்.

உலகத்தின் பெயர் ஏழுகோட்டை. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் வீரனாகவும் சூனியக்காரியாகவும் வேஷம் கட்டி, ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடிய இணைய விளையாட்டு. கூட்டம் கரைந்துபோனதால் கம்பெனி இன்றோடு கடையைச் சாத்துகிறது.

"கடைசிவரைக்கும் விட்டுப் போகாம ஒரு மனுஷன் இருப்பார்ல, அவர் எனக்கு வேணும்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் விளையாட்டுச் செய்தித் தளத்தின் ஆசிரியர். "அவர் கண்ணீரோட வந்தா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா மறுபடியும் நாற்காலி விமர்சனம்தான் தம்பி."

கணினி முன்னால் போடுகிற நாற்காலிகளில் நிருபர் உட்காராதது சந்தையிலேயே இல்லை. 'முதுகுக்கு இதம்' என்று இன்னும் ஒரு தடவை எழுதினால் தன் முதுகெலும்பே கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடும் என்று பயந்தான்.

ஏழுகோட்டையைப் பற்றி அவன் ஏகப்பட்ட செய்தி எழுதியிருக்கிறான். அதை நடத்துகிறவர்களுக்குப் புத்திகூடச் சொல்லியிருக்கிறான். உள்ளே காலெடுத்து வைத்தது மட்டும் இன்று காலையில்தான்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பழுப்புச் சட்டையும் மரவாளுமாகக் கோட்டை மைதானத்தில் நின்றான். ஒரு முப்பது பேர் இரண்டிரண்டாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்று ஒரு சூனியக்காரி ஒரு பூதத்திடம் உருக்கமாகக் கேட்டாள்.

கிணற்றடியில் ஒரு வீரன் மட்டும் தனியாக நின்றான். நிருபர் அவனிடம் போய் மைக்கைத் திறந்தான்.

"வணக்கம்ணே. ரொம்ப நாளா இருக்கீங்களா?"

"பத்து வருஷமா இதுதான் தம்பி எனக்கு வீடு," என்றது ஒரு கனத்த குரல்.

பத்து வருஷம் கழித்தும் அதே பழுப்புச் சட்டை, அதே மரவாள். எளிமையான மனிதர் என்று நிருபர் குறித்துக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்க, இதை மூடறது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று வீரன் முந்திக்கொண்டான்.

பத்திரிகைக்காரன் என்று சொன்னால் மனிதர்கள் அறிக்கை விட ஆரம்பித்துவிடுவார்கள். நாம் முதலில் அழுதால், கூச்சம் விட்டு அவர்களும் அழுவார்கள். தொழிலில் அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

"எங்க அக்கா கல்யாணமே இங்கதாண்ணே முடிவாச்சு," என்று தழுதழுத்தான். "மாமாவை அவ முதமுதல்ல பார்த்தது இந்தக் கிணத்தடியிலதான்."

வீட்டில் அவனுக்குப் பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "டேய், எந்த மாமாடா?"

அவன் மைக்கைப் பொத்தினான். "சும்மா இருக்கா. வேலை விஷயம்."

"ஆளு என்ன பண்றாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லு," என்றுவிட்டு அவள் காலரைத் தேய்க்கப் போனாள்.

மறுமுனையில் கீபோர்டு தடதடத்தது. "கொஞ்சம் நிதானமா சொல்லுங்க தம்பி... கிணத்தடியிலயா?" என்று மூக்கை உறிஞ்சினான் வீரன். "எனக்கும் அப்படித்தான். வேலை போன அன்னிக்கு நேரா இங்கதான் வந்தேன். ஏன் வந்தேன்னு ஒருத்தரும் கேக்கல. கையில வாளைக் குடுத்து, வாடா சண்டைக்குன்னாங்க."

நிருபர் ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டான். அதை அப்படியே தட்டித் தட்டி ஆசிரியருக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

"பிரமாதம்ப்பா! என் வீட்டுக்காரி படிச்சிட்டு இன்னும் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்கா. ஆளு பேரு என்ன?"

"பேரு... கேக்கல சார்."

"பேரில்லாத கண்ணீரை எவன் நம்புவான்? நாமளே உக்காந்து அழுதோம்பான். பேரு, தொழில், ஒரு போட்டோ. ஆறுக்குள்ள வந்தாகணும்."

நிருபர் கிணற்றடிக்கு ஓடினான். "அண்ணே, உங்க உண்மையான பேரு என்ன?"

"முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க தம்பி. அக்கா மாமா சேர்ந்து எடுத்த போட்டோ இருந்தா அதையும் அனுப்புங்க."

"நீங்க பெரியவரு, நீங்க சொல்லுங்க."

"பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க."

இப்படி மரியாதையிலேயே கொஞ்ச நேரம் போனது. அதற்குள் வானம் சிவந்து, கோட்டைச் சுவர்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. ஆசிரியரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'புது நாற்காலி ஒண்ணு ஆபீசுக்கு வந்து இறங்கியிருக்கு.'

இனி மானம் பார்த்து ஆகப்போவதில்லை. மைதானம் முழுக்கக் கேட்கும்படி பொதுக்குரலைத் திறந்தான்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் பத்திரிகைக்காரன். காலையிலதான் உள்ள வந்தேன். எங்க அக்காவுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. இங்க நிஜமா விளையாடுறவர் யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லிப் பேசுங்க, என் பொழப்பு தப்பிச்சிரும்!"

சூனியக்காரி பூதத்தைப் பார்த்தாள். பூதம் அவளைப் பார்த்தது. எல்லாத் தலைகளும் மெல்ல அவன் பக்கம் திரும்பின. கிணற்றடி வீரன்தான் தொண்டையைச் செருமினான்.

"அவரைத்தான் தம்பி நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்."