ஈரத் தடம்

எங்கள் ஆறாப்புண் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புண் மூடிய அன்று, நோயாளியின் காலை நனைத்துப் பழுப்புத் தாளில் நடக்கவிடுவோம். அந்த ஈரத் தடத்தை வைத்துத்தான் செருப்புக்காரர் அளவெடுப்பார்.

அன்று தபால்காரரின் முறை. சர்க்கரை வியாதி அவருடைய வலது கால் பெருவிரலைப் போன வருடமே கொண்டுபோய்விட்டது. விரலை எடுத்த இடம் ஆறாமல் அடம்பிடித்தது. பாதமும் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தோம். கட்டைப் பிரித்தேன். இளஞ்சிவப்பில் புதுத் தோல்.

"ஆறிடுச்சுங்க!" என்றேன். அவர் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"நடந்து ஆறவெச்சது நானு, கட்டிக்கிறது நர்ஸையா?" என்றார் தபால்காரர்.

"நடக்காதீங்கன்னுதானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" என்றேன்.

கைத்தாங்கலாக நடத்தினோம். அவர் நடையில் மாப்பிள்ளை மிடுக்கு. குனிந்து தாளைப் பார்த்தால், வலது தடத்தில் ஐந்து விரல்கள். பெருவிரல்தான் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

வேறு தாள் விரித்து மறுபடி நடத்தினேன். அப்போதும் ஐந்துதான்.

தபால்காரரின் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வருஷமா ஊர் சுத்திட்டு இப்பதான் வீட்டுக்கு வருது பாருங்க!"

செருப்புக்காரர் தடத்தைச் சுற்றி நிதானமாகப் பென்சில் ஓட்டினார். "வழக்கமா விரல் இல்லாத மூலையில பஞ்சு வெப்பேன். இதுக்கு வேணாம், இடம் விட்டே தைக்கிறேன்."

அடுத்த மாதம் தபால்காரர் சீருடையில் வந்தார். கால் நன்றாக இருந்தது, நான்கு விரல்களோடு. செருப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே, இடம் விட்ட மூலையில், பெருவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்து பளபளத்தது.