வயது நாலு

அலுவலகத்தில் பிற்பகல் வெயில் பக்கத்து நாற்காலியில் விழுந்துகிடக்கிறது. கணவன் இறந்த இந்த எட்டு மாதமாக அதில் யாரும் உட்காருவதில்லை. அவன் பாதியில் விட்ட வேலையைத்தான் அவள் முடித்துக்கொண்டிருக்கிறாள். நின்றுபோன கணினியின் நினைவகத்தை, பிழை தேட உதவும் மென்பொருளான டீபக்கர் வெறும் எண்களாகக் கொட்டாமல், இது பெயர், இது வயது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அத்தனையும் எழுதிய மனுஷன் ஒரே இடத்தில் கோட்டை விட்டிருக்கிறான்: பெயருக்கும் வயதுக்கும் நடுவே கணினி விட்டுவைக்கும் வெற்றிடத்தை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஒரு வரியை அவள் திருத்துகிறாள். நகக்கண்ணில் நேற்றைய ஜிகினாத் தூள் மினுங்குகிறது. விசையைத் தட்டியதும், சோதித்துப் பார்க்க அவன் எழுதிவைத்த தகவல் முதல்முறையாகத் திரையில் தெளிகிறது. பெயர், குட்டிம்மா. வயது, நாலு. மகளை அவன் மட்டும் அப்படிக் கூப்பிடுவான். ஏசியின் முனகல் திடீரென்று பெரிதாகக் கேட்கிறது. பின்னால் வந்து நிற்கும் டீம் லீட் குனிந்து பார்க்கிறார். “அட, வந்துருச்சே! வயசு சரியாத்தானே காட்டுது?” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவர் எழுதினபடி சரிதான் சார். நேத்து அவளுக்கு அஞ்சு ஆயிடுச்சு.”