லைட்டுக் கம்பத்துச் சண்டை

லைட்டுக் கம்பத்தடியில் கிடந்த ஒரு பன்னுக்காக ஒன்றாம் தெரு நாயும் இரண்டாம் தெரு நாயும் மோதிக்கொண்டன. ஒன்றுக்கு மூன்றாம் தெரு துணைக்குப் போனது, மற்றதற்கு நான்காம் தெரு. மதியத்துக்குள் சண்டை ஏழாம் தெருவரை வந்து, சிவனேயென்று படுத்திருந்த செவலையையும் இழுத்துக்கொண்டது.

செவலைக்குக் காது கிழிந்தது. அதைக் கடித்த எட்டாம் தெருக் கருவாயனுக்குப் பின்னங்கால் பிசகியது. இரண்டும் ஒரே சாக்கடையோரம் மூச்சிரைக்க விழுந்தன.

“நீ எதுக்குடா வந்தே?” என்றது செவலை.

“ஆறாம் தெருக்காரன் கூப்பிட்டான். இன்னிக்கு நான் போகலேன்னா நாளைக்கு எனக்கு யார் வருவா? நீ?”

“நானும் அதுக்குத்தான்.”

எதற்காக அடித்துக்கொண்டோம் என்றாவது கேட்போமென்று இரண்டும் நொண்டி நொண்டிக் கம்பத்தடிக்குப் போயின. அங்கே ஒன்றாம் தெரு நாயும் இரண்டாம் தெரு நாயும் லாரி நிழலில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தன.

“சண்டையா?” என்று ஒன்று தலையைத் தூக்கியது. “பன்னைக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. நாங்க அப்பவே விட்டுட்டோமே. நீங்க இன்னுமா?”

செவலை பதில் சொல்வதற்குள் எட்டாம் தெருவையும் தாண்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து புதிதாய் நாலைந்து குரைப்புகள் கேட்டன. அதன் காதுகள், கிழிந்ததும் சேர்த்து, தாமாகவே விறைத்தன. கருவாயன் செவலையை விட்டு மெல்ல ஓரடி தள்ளி நின்றுகொண்டது.