பாபாவின் நீர்த்த கரைசல்

குப்பி சில்லென்று இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பிடித்துக் கொடுத்த சிறுநீர் எந்த ஊரில் சில்லென்று இருக்கும்?

நேற்று என் தகப்பனார் கொடுத்தது கஷாயம்போலக் கறுத்துக் கிடந்தது. அவ்வளவு அடர்த்தி. "நோன்பு வெச்சீங்களா பாபா?" என்று நான் போட்ட சத்தத்தில் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிறுநீரகம் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டிய மனிதர். இப்படிப்பட்டவருக்கு நோன்பு கடமையில்லை என்று இமாமே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இன்று தண்ணீர் நிறத்தில் ஒரு குப்பி. வெளியே பெஞ்சில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

"குழாய்த் தண்ணியக் கலந்தீங்களா?"

"சேச்சே! நெறைய குடிச்சேன். அதான் நீர்த்துப் போச்சு."

பேசும்போதே உதடு வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

"தண்ணி ஊத்தினா கலர்தான் வெளுக்கும் பாபா. உள்ள இருக்கற உப்பும் கழிவும் எங்க போகும்? குப்பியில ஊத்தின தண்ணிய வாயில ஊத்தியிருக்கக் கூடாதா? இதுவும் கெட்டுப்போச்சுன்னா இன்னொண்ணு யாரு தருவா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்காக இல்லம்மா விதாத். அந்தப் பையனுக்காக."

ஸ்ஃபாக்ஸ் சாலையில் விபத்தில் இறந்து, சிறுநீரகத்தைத் தந்துவிட்டுப் போன பையன்.

"பேருகூடத் தெரியல. எத்தன நோன்பு பாக்கி வெச்சிட்டுப் போனானோ. இந்த நன்ம அவனுக்குப் போய்ச் சேரட்டுமே."

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை.

"என் மக வயித்துல கத்தி வெச்சா, நான் கட்டில்லயே செத்துப்போவேன்" என்று குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்தவர் இவர். அதனால் அம்மாவும் நானும் சேர்ந்து சொன்ன கதைதான் அந்தப் பையன். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. அறுவை சிகிச்சை நடந்த அந்த மாதம் முழுக்க நான் தூனிஸில் பயிற்சியில் இருந்ததாக இன்றுவரை நம்புகிறார்.

ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினேன். "குடிங்க பாபா. கெஞ்சிக் கேக்கறேன்."

தம்ளரை மெல்லத் தள்ளி வைத்தார்.

"பாங்கு சொல்ல இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. முப்பது நாளும் வெக்கறேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்மா."