எதிர்த்துப் பேச ஒருத்தர்

“எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேணும்னு பேச ஆள் இருக்கா?” என்று கேட்டார் டிவி செய்தி ஆசிரியர்.

“ஊர்ப்பட்ட டாக்டருங்க இருக்காங்க சார். வேணாம்னு பேசத்தான் ஒருத்தரும் சிக்கல” என்றார் உதவியாளர்.

“ரெண்டு தரப்பும் சமமா இருக்கணும்யா. எப்படியாவது ஒருத்தரைப் பிடி!”

மாலையில் விவாதம். திரையில் தோன்றிய டாக்டர் புள்ளிவிவரங்களோடு பேசினார். ஸ்டூடியோவில் கோட் போட்டு உட்கார்ந்திருந்த ‘பொருளாதார ஆய்வாளர்’ மேஜையைத் தட்டினார்.

“காப்பீடு கொடுத்தா ஜனங்க தும்மினாக்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. பணமெல்லாம் பாழ்!”

டாக்டர் மறுபடி புள்ளிவிவரத் தாளைப் புரட்டினார்.

“முடிவு உங்கள் கையில்” என்று நிகழ்ச்சியை முடித்தார் தொகுப்பாளர்.

விளக்குகள் அணைந்ததும் ஆய்வாளர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பஞ்சை எடுத்துத் தொகுப்பாளரின் முகத்துப் பவுடரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“நல்லா வெளுத்து வாங்கினேனா அண்ணே?”

“பின்னே! இத்தனை வருஷம் மேக்கப் போட்டே உன் திறமையை வீணாக்கிட்டியே!”

செய்தி ஆசிரியர் போனும் கையுமாக வந்தார்.

“முதலாளி பேசினாரு. ரெண்டு தரப்பையும் கேட்டாராம். ஆய்வாளர் சொன்னதுதான் நியாயம்னு பட்டுச்சாம். நம்ம ஆபீஸ் காப்பீட்டை நிறுத்தச் சொல்லிட்டாரு.”

மேக்கப்மேன் கையிலிருந்த பஞ்சு நழுவியது.

“ஐயோ சார்! அடுத்த வாரம் என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். நாளைக்கே இன்னொரு விவாதம் வைங்க, நான் டாக்டர் பக்கம் உட்கார்ந்துக்கறேன்!”